எங்கள் பெரிய டீச்சர்: சில நினைவுகள்

பேத்தி எழுதுவது

எங்கள் அப்பத்தா 1933 மாசியில் புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்போது அது தொண்டைமான் மன்னரின் தனிச் சமஸ்தானமாக இருந்தது. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்துக் கொடுத்த அம்மன் காசை வரிசையில் நின்று வாங்கிய கதையை எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். சமஸ்தானம் 1948-இல் இந்தியாவோடு இணைந்தது. 1953 ஜூனில், ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு, ஆலங்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஜில்லா போர்டு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். ராஜாஜி அரசு கிராமப் பள்ளிகளில் மூன்று மணி நேர முறையைக் கொண்டுவந்த ஆண்டு அது. "பிள்ளைகளுக்கு அரை நாள், வாத்தியாருக்கு இரண்டு அரை நாள்" என்று அப்பத்தா சிரிப்பார். காலை முறைப் பிள்ளைகள் சிலர் வீட்டுக்குப் போகாமல் திண்ணையிலேயே உட்கார்ந்து அடுத்த முறைப் பாடத்தையும் கேட்பார்களாம். பார்வையிட வந்த அதிகாரி அவர்களை ஏன் விரட்டவில்லை என்று கேட்டதற்கு, "திண்ணை வகுப்பறைக் கணக்கில் சேராது, ஐயா" என்று பதில் சொன்னதாக எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. மறுஆண்டே காமராசர் ஆட்சியில் அந்த முறை கைவிடப்பட்டது.

தாத்தா இளம் வயதிலேயே காலமாகிவிட, தம் பிள்ளைகளையும் கொழுந்தனார் பிள்ளைகளையும் அந்த ஒரு சம்பளத்தில்தான் அப்பத்தா ஆளாக்கினார். 2025 தை மாதம், தொண்ணூற்றிரண்டு வயது நிறைய ஒரு மாதம் இருக்கும்போது, மறைந்தார். அவரிடம் படித்தவர்களும் உடன் பணியாற்றியவர்களும் தமக்குத் தெரிந்ததை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பழைய மாணவர்

என் பிறந்த தேதி டீச்சர் கொடுத்தது. 1970 ஜூனில் என் தாயார் என்னைப் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது, வலக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக் காதைத் தொடச் சொன்னார்கள். தொட்டேன், எனவே ஐந்து வயது ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் பெரும்பாலான கிராமப் பள்ளிகளில் அதற்கு மேல் யாரும் மெனக்கெடுவதில்லை. மே, ஜூன் மாதங்களில் வாய்க்கு வந்த ஒரு தேதியைப் பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். என் வயதுக்காரர்களில் பாதிப் பேர் கோடையில் பிறந்தவர்களாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

டீச்சர் அப்படி எழுதவில்லை. என் தாயாரை உட்காரவைத்து, எந்த மாதம், அப்போது வயலில் என்ன வேலை நடந்தது, திருவப்பூர் மாரியம்மன் திருவிழாவுக்கு முன்பா பின்பா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில் என் தாயார், "தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோச்சே, அந்தச் சேதி வந்து மூணாம் நாள், விடியக்காலம்" என்று சொன்னதும், டீச்சர் அலமாரியிலிருந்து பழைய பஞ்சாங்கம் ஒன்றை எடுத்துப் பார்த்து, 1964 டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு தேதியைக் குறித்தார். புயல் அடித்தது 22-ஆம் தேதி இரவு. சேதி எங்கள் ஊருக்கு வந்துசேர எத்தனை நாள் ஆகியிருக்கும் என்பதையும் யோசித்தே எழுதினார் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். 2024 டிசம்பர் இறுதியில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றேன். என்னோடு பள்ளியில் சேர்ந்து, வேறு ஊரில் எவரோ எழுதிய மே மாதத் தேதியால் ஏழு மாதச் சம்பளத்தை இழந்த உறவினர் ஒருவர் எனக்கு உண்டு. டீச்சர் பெயரைச் சொன்னாலே அவருக்குப் பெருமூச்சு வரும்.

அடித்ததில்லையா என்று கேட்பீர்கள். அடித்திருக்கிறார். வாய்ப்பாடு ஒப்பிக்காததற்கு அன்று. அடுத்தவன் பல்பத்தைத் திருடியதற்கு.

உடன் பணியாற்றிய ஆசிரியை

நான் 1977-இல் அந்தப் பள்ளிக்கு வந்தேன். மறுஆண்டு எழுத்துச் சீர்திருத்த ஆணை வெளிவந்தது. தும்பிக்கை போட்டு எழுதிய லை, ளை, ணை, னை ஆகியவை இன்றைய வடிவத்துக்கு மாறின. றா, ணா, னா முதலியவையும் மாறின. எங்களைப் போன்ற இளையவர்கள் அதை எளிதாக எடுத்துக்கொண்டோம். இருபத்தைந்து ஆண்டுகள் பழைய வடிவத்தையே கரும்பலகையில் எழுதிய கை என்ன செய்யும் என்று நினைத்தேன். அவர் மாலையில் எல்லாரும் போனபின் கரும்பலகையில் தாமே எழுதிப் பழகினார். ஆனால் பிள்ளைகளிடம், "புதுசை எழுதுங்கள், பழசைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் வீட்டுப் பத்திரமெல்லாம் பழைய எழுத்தில்தான் இருக்கிறது" என்று சொல்லி, ஆணையில் இல்லாத ஒரு வேலையையும் சேர்த்துக்கொண்டார். அது அதிகப்படி என்று அப்போது எனக்குத் தோன்றியது. இப்போதும் ஓரளவு அப்படித்தான் தோன்றுகிறது, ஏற்கெனவே ஒரே அறையில் இரண்டு வகுப்புகளை நடத்திக்கொண்டிருந்தோம்.

கல்குவாரித் தொழிலாளி ஒருவரின் மகள்

டீச்சர் 1991-இல் ஓய்வு பெற்றார். அந்த ஆண்டே புதுக்கோட்டையில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த அந்த நாட்களில் கல்குவாரிகள் சில பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்குக் கிடைத்தன. என் அம்மா அதுவரை கூலிக்குக் கல் உடைத்தவர்; எத்தனை லோடு போயிற்று என்பதை மேஸ்திரி சொன்னால்தான் தெரியும். டீச்சர் லாந்தர் வெளிச்சத்தில் அவருக்கு முதலில் கற்றுக்கொடுத்தது தம் பெயரை எழுத அன்று, ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு லோடு எண்ண. பெயர் அடுத்த மாதம்தான் வந்தது. சைக்கிள் இயக்கம் வந்தபோது என் அம்மா ஆண்கள் சைக்கிளில்தான் கற்றார், முன் கம்பியில் என்னை உட்காரவைத்துக்கொள்ளலாம் என்பதால். டீச்சர் கடைசிவரை சைக்கிள் ஓட்டவில்லை. கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியவர்களில் ஒருவர்.

மருமகள்

எல்லாரும் டீச்சரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அத்தையோடு ஒரே சமையலறையில் வாழ்ந்தவள் நான். என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் கால் கிலோ சீரகம் வாங்கினாலும் நோட்டில் ஏற வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அது அவமானமாக இருந்தது. என்னை நம்பவில்லை என்று நினைத்தேன், சில நாள் பேசாமலும் இருந்திருக்கிறேன். பிறகுதான், தாம் வாங்கிய வெற்றிலைக்கும் அவர் கணக்கு எழுதுவதைப் பார்த்தேன். கொழுந்தனார் மகளின் கல்லூரிக் கட்டணமும் தம் மகனின் கட்டணமும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கும். பின்னாளில் சொத்துப் பேச்சு எழுந்தபோது, யாருக்கு எவ்வளவு செலவானது என்பதில் ஒரு வார்த்தை வாக்குவாதம் வரவில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்து எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகள் சரிந்து கிடந்தபோது அத்தைக்கு எண்பத்தைந்து வயது. மின்சாரம் இல்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தெருப் பிள்ளைகளைத் தோப்புதோப்பாக அனுப்பி, விழுந்த மரங்களை எண்ணிவரச் செய்து, வீட்டுவாரியாக எழுதிவைத்தார். கணக்கெடுக்க ஆள் வந்தபோது பல வீட்டுக்காரர்கள் அந்தத் தாளைத்தான் நீட்டினார்கள்.

கணக்கு நோட்டுகள் என் அலமாரியில் இருக்கின்றன. நயா பைசா வந்த 1957-ஆம் ஆண்டு நோட்டில் அணாவுக்கு ஒரு பத்தி, பைசாவுக்கு ஒரு பத்தி என்று சித்திரை முழுக்க இரண்டிலும் எழுதியிருக்கிறார். 1964-ஆம் ஆண்டு நோட்டை மட்டும் கறையான் தின்றுவிட்டது. பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வரலாம்.