'தகவமைப்பு' சரி, மற்றதற்கு என்ன சொல்?

தக்கலை, ஆசிரியை:
திங்கட்கிழமை பதினொன்றாம் வகுப்புக்குப் பயிற்சித்தாள் கொடுக்க வேண்டும். 'அடாப்டேஷன்', 'அக்ளைமேஷன்' இரண்டுக்கும் தகவமைப்பு என்றே எழுதியிருக்கிறது, பிள்ளைகள் குழம்புகிறார்கள். எடுத்துக்காட்டு, கரீபியன் கடலில் உள்ள ஹிஸ்பானியோலா தீவின் அனோலிஸ் பல்லிகள். கடலோரமானாலும் மலையானாலும் அவை தாங்கும் உச்ச வெப்பம் ஏறத்தாழ ஒன்றுதான். குளிர் தாங்குவதில் மட்டும் மலைப்பல்லி ஒரு படி மேல். பகலில் பாறைமேல் ஏறி வெயில் காய்ந்துவிடும். இரவில் ஒதுங்கச் சூடான இடமே கிடையாது. ஆகவே குளிர் தாங்கியவை பிழைத்துப் பெருகின. இது தலைமுறைக் கணக்கு, அடாப்டேஷன். ஒரே பல்லியைச் சில வாரம் குளிரில் வைத்தால் அதன் தாங்குதிறன் மாறுவது வேறு, அக்ளைமேஷன். அதற்குத்தான் சொல் வேண்டும்.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
தகவமைப்பில் கை வைக்க வேண்டாம். 'தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்' (குறள் 114). எச்சத்துக்குப் பரிமேலழகர் மக்கள் என்றே பொருள் கொண்டார். தகவு வழித்தோன்றலில் தெரியும் என்றால், மரபுவழி மாற்றத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? மற்றதை 'இயைவாக்கம்' எனலாம்.

குலசேகரம், மொழிபெயர்ப்பாளர்:
அண்ணாச்சி, இயைவாக்கம் பிள்ளைகள் வாயில் நுழையாது. மேல் கோதையாற்றுக்கு வேலைக்குப் போனவர் நாலு நாளில் 'குளிரு பழகிட்டு' என்பார். 'வெப்பப் பழக்கம்' போதும்.

தக்கலை:
பழக்கம் என்றால் நடத்தை ஆகிவிடுமே. பாறையேறி வெயில் காய்வதுதான் பல்லியின் பழக்கம். நமக்கு வேண்டியது உடலுக்குள் நடப்பது.

குலசேகரம்:
அப்படியானால் 'உடல் பழகல்'.

நாகர்கோவில்:
அல் ஈறு எதிர்மறைக்கும் வரும். குறள் 196-இல் 'மகன் எனல்' என்றால் மகன் என்று சொல்லாதே. 'பதடி எனல்' என்றால் பதடி, அதாவது பதர், என்று சொல். 'பழகல்' பழகாதே என்றும் ஆகும். 'பழகுதல்' என்றாலாவது இலக்கணத்துக்கு இடறாது.

மார்த்தாண்டம், விலங்கியல் மாணவி:
அனோலிஸைப் பல்லி என்பதே சரியா? விரலடியில் பல்லிபோல ஒட்டும் தட்டு உண்டு. ஆனால் உறவில் ஓணானுக்கே நெருக்கம். நம் ஊர் ஓந்தான் குறுந்தொகை 140-இல் 'ஓதி'யாக இருக்கிறது. 'ஓந்தி' எனலாமே.

தக்கலை:
ஓந்தியை அப்புறம் பேசுவோம், தங்கச்சி. 'உடல் பழகுதல்' என்று அச்சுக்குக் கொடுக்கிறேன்.

குலசேகரம்:
சரி, கொடுங்கள்.

நாகர்கோவில்:
கொடுங்கள். ஆனால் 'பழகிய பல்லி' என்று எழுதினால் மனிதரோடு பழகிய பல்லி என்று படிப்பார்கள். 'இயைந்த பல்லி'க்கு அந்தச் சிக்கல் இல்லை. என் கருத்து இயைவாக்கம்தான்.