200 ஊசிகளுக்குள் அடங்காத மார்பளவு

குன்னூர்க் கம்பளி:
வீட்டுப் பின்னல் இயந்திரத்தில் அப்பாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்னினேன். அவர் மார்புச் சுற்றளவு 132 சென்டிமீட்டர். தளர்வுக்குப் பத்து சேர்த்தால் முதுகுத் துண்டு 71 சென்டிமீட்டர் வர வேண்டும். மாதிரித் துண்டில் பத்து சென்டிமீட்டருக்கு 30 கண்ணிகள் (நூல் வளையங்கள், ஊசிக்கு ஒன்று) விழுந்ததால் 213 ஊசிகள் தேவைப்பட்டன. நம் வீட்டு இயந்திரத்தில் இருப்பதோ 200. கண்ணியைத் தளர்த்தி, பத்து சென்டிமீட்டருக்கு 28 என்று ஆக்கி, 199 ஊசிகளில் பின்னி முடித்தேன். மூன்றாம் முறை துவைத்த பிறகு இடுப்புப் பட்டி அவர் தொடைவரை இறங்கிவிட்டது. "கதகதப்பாகத்தான் இருக்கிறது அம்மா" என்று சொல்லி, பட்டியை மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு அவர் காலை நடைக்குப் புறப்பட்டது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

மணிக்கட்டு:
தளர்த்தியதுதான் தவறு, சகோதரி. ஒரு கைமுனையில் தொடங்கி மறு கைமுனைவரை குறுக்காகப் பின்னியிருந்தால், ஊசிகள் உயரத்தை மட்டுமே கட்டுப்படுத்தும். அகலம் வரிசைக் கணக்காகிவிடும், அதற்கு எல்லை கிடையாது. என் அண்ணிக்கு அப்படித்தான் பின்னினேன்.

மூன்று துண்டு:
மேலே சொன்ன யோசனையை நான் ஏற்கவில்லை. பின்னல் துணி வரிசையின் போக்கில்தான் அதிகம் நெகிழும். குறுக்காகப் பின்னினால் உடுப்பின் முழு எடையும் அந்தப் போக்கிலேயே இழுக்கும். என் குறுக்குப் பின்னல் சட்டை ஒரே குளிர்காலத்தில் ஒரு சாண் நீண்டுவிட்டது. அகலம் போதாதபோது அக்குளுக்குக் கீழே தனித் துண்டு வைப்பதே நல்லது. உங்கள் தந்தையின் அளவுக்கு முன்னும் பின்னும் தலா 63 சென்டிமீட்டர், அதாவது 189 ஊசிகள். இரு பக்கங்களிலும் தலா எட்டு சென்டிமீட்டர், அதாவது 24 கண்ணிகள். பக்கத் துண்டைப் பின்னும்போதே, இரண்டு வரிசைக்கு ஒருமுறை முதல் துண்டின் ஓரக் கண்ணியை எடுத்துக் கடைசி ஊசியில் மாட்டுங்கள்; அந்த ஓரத்துக்குத் தையலே வேண்டாம். ஆனால் கைக்குழியில் அதற்கேற்பக் கண்ணிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், மறந்தால் அக்குளில் துணி மூட்டையாக நிற்கும். மாதிரித் துண்டையும் துவைத்து, ஓர் இரவு எடை கட்டித் தொங்கவிட்ட பிறகே அளக்க வேண்டும்.

டயா:
நான் திருப்பூரில் வட்டப் பின்னல் இயந்திரம் ஓட்டியவன். பக்கத் தையல் இல்லாத பனியனுக்கு டயாதான், அதாவது இயந்திர உருளையின் விட்டம்தான், அளவு. உடம்பு பெருத்தால் வேறு டயா இயந்திரம் வேண்டும். ஒருமுறை 21 அங்குலக் குழாய்த் துணி வேண்டிய இடத்தில் 20 அங்குலம் தரும் இயந்திரம்தான் காலியாக இருந்தது. காம்பாக்டிங்கில், அதாவது துணியை நீராவியில் அழுத்திச் சீர்படுத்தும் கட்டத்தில், ஒரு அங்குலம் இழுத்து வைத்து அனுப்பச் சொன்னார்கள். அளவுநாடா வைத்தபோது சரியாகவே இருந்தது. வீட்டுக்கு எடுத்துப்போன ஒன்றை என் மனைவி வாளியில் நனைத்துப் பிழிந்து உதறினாள். அது மறுபடியும் 20 அங்குலமாகக் கொடியில் தொங்கியது. அதற்குள் சரக்கு லாரியேறிவிட்டிருந்தது.