தம்பியின் தண்டுவடத்தில் நீர்க்கட்டி: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ரங்கூன் உறவுகளுக்கு வணக்கம். பெகுவில் தோசைக்கடை போட்டிருக்கும் என் தம்பிக்கு வயது 34. போன மாதம் தோசைக்கல்லில் கை பட்டுக் கொப்புளமே வந்துவிட்டது. அவனுக்குச் சுடவே இல்லை. தொட்டால் தெரிகிறது, சூடும் வலியும்தான் தெரியவில்லை. கழுத்து எலும்புத் தேய்மானம் என்று எக்ஸ்ரே எடுத்து, மாத்திரை கொடுத்தே ஒரு வருடம் போனது. எக்ஸ்ரேயில் தண்டுவடம் எங்கே தெரியும்!

இப்போது எம்ஆர்ஐ எடுத்தாயிற்று. அதில் டி2 என்ற வகைப் படத்தில் நீர் வெள்ளையாகத் தெரியுமாம். கழுத்திலிருந்து மேல்முதுகு வரை தண்டுவடத்துக்குள்ளே ஒரு வெள்ளைப் பட்டை ஓடுகிறது. தண்டுவடத்துக்குள் நீர் தேங்கும் இந்த நோயை 'சிரிங்கோமைலியா' என்கிறார்கள். சிறுமூளையின் அடிப்பகுதி 8 மி.மீ. கீழே இறங்கி, மூளைத்தண்டுவட நீர் போகும் வழியை அடைக்கிறதாம். கியாரி குறைபாடு என்று பெயர். ஆனாலும் இந்த நீர்க்கட்டி, தண்டுவடக் கட்டி (ட்யூமர்), பழைய அடி, காசநோய் மூளைக்காய்ச்சல் விட்டுப்போன தழும்பு இவற்றாலும் வரலாம் என்பதால், படத்தைத் தெளிவாக்கும் காடோலினியம் என்ற மருந்தை ஊசியாகப் போட்டு முதுகு முழுவதும் இன்னொரு ஸ்கேன் வேண்டும் என்கிறார் டாக்டர்.

மூளைத்தண்டுவட நீரின் ஓட்டத்தைக் காட்டும் எம்ஆர்ஐ ரங்கூனில் எங்கே எடுக்கலாம்? இதற்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், சென்னை போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கையில் உணர்ச்சி திரும்பியதா? இவனோ இன்னும் கல்லை விட்டு நகர மாட்டேன் என்கிறான்.