புதுப்பிப்பு: அக்கா மகளின் கல்லூரிக் கட்டுரை

போன மாதம் கேட்டிருந்தேன், மும்பை செம்பூரில் இருக்கும் அக்கா மகள் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு எழுதும் காமன் ஆப் (பல கல்லூரிகளுக்கும் சேர்த்து அனுப்பும் பொது விண்ணப்பம்) கட்டுரையை நான் எவ்வளவு தூரம் திருத்தலாம் என்று. கை வைக்காதே, கேள்வி மட்டும் கேள் என்று பலரும் சொன்னீர்கள், அப்படியே செய்தேன். தலைமைப் பண்பு பற்றிய முதல் வரைவை அவளே ஓரம் வைத்துவிட்டு, மழையில் ரயில் நின்றுபோன அன்று குர்லாவிலிருந்து பாட்டியைக் கைப்பிடித்து நடத்திக் கூட்டிவந்ததை எழுதினாள். பாட்டி வழியெல்லாம் ஊர்க்குளத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாராம், படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

வரம்பு 650 சொற்கள், அவள் எழுதியதோ 900. வெட்டும்போதுதான் சண்டை. பாட்டியின் பேச்சை மட்டும் விடமாட்டேன் என்றாள், சரி என்றேன். நவம்பர் 1 கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே அனுப்பிவிட்டாள்.