சுவரை இடித்த வீடு, சான்றிதழ் இல்லை: என்ன செய்யலாம்?

வணக்கம். லண்டன் ஹரோவில், 1930களில் கட்டின வீடு ஒன்றை வாங்குகிறோம். மார்ச்சில் விலை பேசி முடிந்தது, ஒப்பந்தம் இன்னும் 'எக்ஸ்சேஞ்ச்' ஆகவில்லை (இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் கட்டம்). குசினிக்கும் சாப்பாட்டறைக்கும் நடுச்சுவரை 2011இல் இடித்திருக்கிறார்கள். பில்டிங் ரெகுலேஷன்ஸ் சான்றிதழ் (வேலை கட்டட விதிப்படி நடந்ததற்கான சான்று) இல்லை.

இன்டெம்னிட்டி காப்புறுதி எடுத்துத் தருவதாக விற்பவரின் சொலிசிட்டர் (வழக்கறிஞர்) சொல்கிறார். எங்கள் சொலிசிட்டரும் அது போதும் என்கிறார். உள்ளூர் கவுன்சிலுக்கு மட்டும் போன் பண்ண வேண்டாம், பண்ணினால் காப்புறுதியே கிடைக்காதாம். ஆனால் கவுன்சில் நடவடிக்கை எடுத்தால்தான் அந்தப் பணம் வரும், இடித்த சுவருக்குப் பதிலாக மேலே தாங்கும் உத்திரம் இறங்கினால் வராது. எனக்குப் பயமே அதுதான். இரண்டாம் முறை போனபோது, இடித்த இடத்துக்கு நேர் மேலே சீலிங்கில் மயிரிழை வெடிப்பு ஒன்று. மேல் அறைக் கதவும் நிலையில் உரசுகிறது.

லெவல் 2 சர்வே (எதையும் திறக்காமல் வீட்டின் நிலையைப் பார்க்கும் ஆய்வு) எடுத்தோம், 'ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டுங்கள்' என்று எழுதியிருந்தது. பூச்சைக் கொஞ்சம் திறந்து பார்க்கக் கேட்டோம், விற்பவர் மறுத்துவிட்டார். ரெகுலரைசேஷன் சான்றிதழ் (முன்பு அனுமதியில்லாமல் செய்த வேலைக்குக் கவுன்சில் பின்னர் தருவது) எடுத்துத் தரவும் மாட்டாராம். வேலை செய்தவரின் ரசீதும் இல்லை. மோர்கேஜ் (வீட்டுக் கடன்) ஆஃபர் ஐந்து வாரத்தில் முடிகிறது.

இப்படி மறுத்த விற்பவரை இன்ஜினியர் சோதனைக்குச் சம்மதிக்க வைத்தவர்கள் இருந்தால், எப்படி என்று சொல்வீர்களா?