வெதரைசேஷன்: ‘பருவக்காப்பு’ என்று வைத்துக்கொள்ளலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

வெளிக் குளிரும் வெயிலும் உள்ளே வராதபடி வீட்டைச் சீர்செய்து தரும் வேலைக்கு ஆங்கிலத்தில் ‘வெதரைசேஷன்’ என்று பெயர். அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டு நம் குழுவில் மூன்று நாட்களாக வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். ஐயா ஒருவர் ‘வானிலைப்படுத்தல்’ என்றார். யாழ்ப்பாணத்து நண்பர் ‘கூதற்காப்பு’ என்றார், கூதல் என்றால் குளிர். தங்கை ஒருவர் சங்கப் பாட்டான நெடுநல்வாடையை எடுத்துக்காட்டி ‘வாடைக்காப்பு’ என்றார், வாடை என்றால் குளிர்ந்த வடகாற்று. நான் இந்த வேலையைக் கையால் செய்கிறவன். நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில், வீட்டுக்குப் பக்கத்துச் சமுதாயக் கல்லூரி (கம்யூனிட்டி காலேஜ்) ஒன்றில் மாலை வகுப்பில் படித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தேன். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். 1973-இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களால் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவைத் தாங்க முடியவில்லை. 1976-இல் கூட்டரசு ஒரு சட்டம் போட்டு, அவர்கள் வீடுகளைச் சீர்செய்து தர ஆரம்பித்தது. ஆரம்பத்தில் சன்னலுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டுவது, கதவோர இடுக்கை அடைப்பது என்று அவசர வேலையாகத்தான் இருந்தது. பிறகு அளவுக் கருவிகள் வந்தன, பரணில் காப்புப் பொருள் நிரப்புவது வந்தது, அடுப்பையும் சூடேற்றியையும் சோதிப்பது வந்தது. 2009-இல் பொருளாதார மீட்புச் சட்டத்தில் இதற்கு மட்டும் ஏறத்தாழ 500 கோடி டாலர் ஒதுக்கினார்கள். வேலைக்கு ஆள் வேண்டுமே! சமுதாயக் கல்லூரிகள் பல அந்தச் சமயத்தில்தான் இதற்கு வகுப்புத் திறந்தன. வேலையிழந்த தச்சர்களும் பெயின்டர்களும் என்னைப் போல வேறு வேலையிலிருந்து வந்தவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம்.

(சமுதாயக் கல்லூரியா, சமூகக் கல்லூரியா என்று ஒரு கேள்வியும் வந்தது. புதுச்சேரியில் 1995-லும் சென்னையில் 1996-லும் இவை தொடங்கிய பிறகு ‘சமுதாயக் கல்லூரி’ நிலைத்துவிட்டது. அதை மாற்ற வேண்டாம்.)

இப்போது சொற்களுக்கு வருகிறேன். ‘வானிலைப்படுத்தல்’ ஆங்கிலச் சொல்லைப் பிரித்து அடுக்கியது. அதைக் கேட்கிறவருக்கு வானிலையை என்னவோ செய்கிறார்கள் என்றுதான் தோன்றும். வீடு அதில் எங்கேயும் இல்லை. ஐயா மன்னிக்க வேண்டும்.

‘வாடைக்காப்பு’ பார்த்ததும் எனக்கு மனம் நிறைந்தது. வேனிற்காலத்தில் தென்றல் வரத் திறந்திருந்த சாளரத்தை, வாடை வந்ததும் கதவடைத்துத் தாழிட்டு வைத்திருக்கும் காட்சி நெடுநல்வாடையில் உண்டு. நாங்கள் செய்யும் வேலையே அதுதான். ஆனால் இன்று தெருவில் போய் ‘வாடை’ என்றால் நாற்றம் என்று மூக்கைப் பொத்துவார்கள். இன்னொன்று, இந்தத் திட்டம் குளிர் நாட்டுக்கு மட்டும் உரியதில்லை. ஐம்பது மாநிலங்களிலும் நடக்கிறது, கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவிலும் நடக்கிறது. அங்கே வாடையும் இல்லை, கூதலும் இல்லை. அரிசோனாவில் வெளியே கொதிக்கிற வெயில் உள்ளே வராமல் தடுக்கவும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். ‘கூதற்காப்பு’க்கும் எனக்கு இதே தயக்கம்தான், சொல் என்னவோ அழகு.

‘காலநிலைக் காப்பு’ என்றால் புவி வெப்பமாதலைத் தடுப்பது என்று பொருள்பட்டுவிடும். அதை விட்டுவிடலாம்.

நான் முன்வைப்பது பருவக்காப்பு. பருவம் என்றால் பனியும் அடங்கும், வெயிலும் மழையும் அடங்கும். பருவமழை, பருவக்காற்று என்று சொல்லும்போது யாரும் வயதுக்கு வந்த பருவத்தை நினைப்பதில்லையே. ‘வெப்பக்காப்பு’ என்ற சொல்லும் ஏற்கெனவே புழக்கத்தில் உண்டு. பரணிலும் சுவருக்குள்ளும் நிரப்பும் பொருளுக்கு அது சரி. வெப்பக்காப்பு பருவக்காப்பின் ஒரு பகுதி. இரண்டும் அக்காள் தங்கை போல ஒட்டி நிற்கின்றன. ‘பருவக்காப்புச் செய்த வீடு’, ‘பருவக்காப்புப் பயிற்சி’ என்று வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன், இடறவில்லை. வேலை செய்பவரைப் ‘பருவக்காப்பு வினைஞர்’ என்போம். கைவேலைக்கு ‘வினைஞர்’ தருகிற மதிப்பை ‘பணியாளர்’ தரவில்லை என்பது என் எண்ணம்.

அடுத்தது ‘புளோயர் டோர்’, வீட்டில் காற்று எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கும் கருவி. இதற்கு ‘ஊதுகதவு’ என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். கருவியை நேரில் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. வாசற்கதவை முழுக்கத் திறந்துவிட்டு, அந்த நிலைக்குள் ஒரு அலுமினியச் சட்டத்தைப் பொருத்துவோம். சட்டம் முழுக்க நைலான் துணி, துணியின் அடியில் ஒரு பெரிய விசிறி. மற்ற கதவு, சன்னல் எல்லாவற்றையும் மூடிவிட்டு விசிறியைப் போட்டால் அது வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும். உள்ளே காற்றழுத்தம் வெளியைவிட 50 பாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) குறையும்வரை வேகத்தைக் கூட்டுவோம். மணிக்கு 32 கிலோமீட்டர் வேகக் காற்று வீட்டை நான்கு பக்கமும் அடிப்பது மாதிரி என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அப்போது வீட்டின் ஒவ்வொரு இடுக்கும் வாய் திறந்து பேசும். சுவரில் இருக்கிற பிளக் பாயின்ட் பக்கத்தில் புறங்கையை வைத்தால் சில்லென்று காற்று படும். புகைக்குச்சியைக் காட்டினால் புகை நேரே எழாமல் வீட்டுக்குள் பார்த்து வளையும். பரணில் பஞ்சு மாதிரிக் கிடக்கிற கண்ணாடி இழையைத் தூக்கிப் பார்த்தால் சில இடம் மட்டும் கறுத்திருக்கும். பல வருடமாக அந்த வழியே போன காற்று விட்டுப்போன அழுக்கு அது. முதல் தடவை அந்தக் கறுப்பைக் கையில் எடுத்துப் பார்த்த நாளில்தான் எனக்கு இந்தத் தொழில் பிடித்துப்போனது.

ஆக இங்கே கதவு ஊதுவதில்லை, வாசலில் வைத்த விசிறி இழுக்கிறது. ‘வாசல்விசிறி’ என்றால் போதும். வாசல்விசிறிச் சோதனை.

அந்த இடுக்குகளை அடைப்பதற்குக் ‘காற்றடைப்பு’ என்று ஒருவர் எழுதினார். பந்திலும் டயரிலும் காற்றடைக்கிறோமே, அது இங்கே குறுக்கே வருகிறது. ‘இடுக்கடைப்பு’ என்றால் குழப்பமில்லை.

காற்றுப் புகாத தன்மைக்கு ‘இறுக்கம்’ என்று வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இதை நான் பலமாக மறுக்கிறேன். நம் ஊரில் காற்றோட்டமில்லாத அறைக்குள் போனால் ‘ஒரே இறுக்கமா இருக்கு, சன்னலைத் திற’ என்கிறோம். நாங்கள் அஞ்சுவதும் அதைத்தான். வீட்டை அடைக்க அடைக்க, எரிவாயுச் சூடேற்றியின் புகைபோக்கி வழியே போக வேண்டிய புகை திரும்பி வீட்டுக்குள்ளேயே வரலாம். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும், மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. அதனால் வேலை முடித்துக் கிளம்பும் முன் சூடேற்றியை மறுபடி சோதிக்காமல் வரக்கூடாது. எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் இதை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வார். அடைக்கிற அளவுக்குக் காற்றோட்டத்துக்கும் வழி செய்வதுதான் முழு வேலை. ஆகவே ‘காற்றுப்புகாமை’ என்று நீளமாகவே இருக்கட்டும். இறுக்கம் வேண்டாம்.

நான் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்றால், இது வெறும் அகராதிக் கணக்கில்லை. பொள்ளாச்சியிலிருந்து அம்மா ஒவ்வொரு வாரமும் போனில் கேட்பார், “படிச்சு முடிச்சிட்டு இப்ப என்ன வேலைப்பா பார்க்கிற?” ‘வீட்டு ரிப்பேர்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். போன ஞாயிறு, “பருவக்காப்பு வேலைம்மா. குளிர் உள்ளே வராம வீட்டை அடைச்சுக் கொடுக்கிறது” என்றேன். “அப்ப நம்ம வீட்டு ஓட்டுக்கடியில வெயில் காலத்துக்கு எதாச்சும் செய்ய முடியுமா?” என்று கேட்டார். சொல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்தது.

ஒன்று மட்டும் பாக்கி. இடுக்கை அடைக்கப் பிதுக்கி வைக்கும் பசை போன்ற ‘கால்க்’. நம் தச்சர்கள் மரத்தின் ஓட்டைக்கு வைப்பதை மக்கு என்கிறார்கள், ஆனால் மக்கு காய்ந்து இறுகிவிடும். மரம் பருவத்துக்குப் பருவம் விரிந்து சுருங்கும்போது வெடித்தும்விடும். கால்க் காய்ந்த பிறகும் இழுத்த இழுப்புக்கு வரும். ‘நெகிழ்மக்கு’ என்று வைத்திருக்கிறேன். யாராவது உங்கள் ஊர்த் தச்சரிடம் அந்தச் சொல்லை மட்டும் சொல்லி, என்ன பொருளாக இருக்கும் என்று கேட்டு எழுதுங்கள். அவர் முகம் சுளித்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள், வேறு பார்க்கலாம்.