‘பேங்க் ஸ்விட்சிங்’ - தமிழில் எப்படிச் சொல்வது?

கு. எழுதியது:
நண்பர்களுக்கு வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்குப் பழைய எட்டு பிட் கணினிகளில் நிரல் எழுதும் பயிற்சி நடத்துகிறோம். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். எல்லாச் சொல்லும் கிடைத்துவிட்டது, ‘பேங்க் ஸ்விட்சிங்’ மட்டும் பாக்கி. அறியாதவர்களுக்காக: இசட்80, 6502 போன்ற செயலிகளுக்கு முகவரிக் கம்பிகள் 16தான். ஒரே நேரத்தில் 65,536 பைட்டுக்கு மேல் அவற்றுக்குத் தெரியாது. 128 கிலோபைட் ஸ்பெக்ட்ரம் கணினியில் நினைவகம் 16 கிலோபைட் துண்டுகளாக எட்டு; ஒவ்வொரு துண்டும் ஒரு பேங்க். 49152ஆம் முகவரிக்கு மேலுள்ள இடத்தில் எந்தத் துண்டு தெரிய வேண்டும் என்பதை 32765ஆம் போர்ட்டில் (செயலி வெளிச் சுற்றுகளோடு பேசும் வாசல்) ஓர் எண்ணை எழுதிச் சொல்கிறோம். இதுதான் பேங்க் ஸ்விட்சிங். வரைவில் யாரோ ‘வங்கி மாற்றம்’ என்று போட்டிருக்கிறார்கள். அப்படியே விட்டால் மாணவர்கள் பாஸ்புக்கோடு வந்து நிற்பார்கள்.

அ. எழுதியது:
வங்கி என்றால் தமிழில் தோளில் அணியும் நகை. பணம் போடும் இடத்துக்கு வைப்பகம் என்ற நல்ல சொல் இருக்கிறது. ‘பொருள் வைப்புழி’ என்று வள்ளுவரே சொல்லிவிட்டார். ஆகவே ‘வைப்பகப் பெயர்ப்பு’.

செ. எழுதியது:
ஐயா, வள்ளுவர் அங்கே சொல்வது ஏழையின் பசி தீர்ப்பதை. அது இருக்கட்டும். இந்த பேங்க் பணம் வைக்கும் இடமே அல்ல, வரிசை என்ற பொருளில் வருவது. கப்பலில் துடுப்பு வலிப்பவர்கள் உட்கார்ந்த பலகையிலிருந்து வந்த சொல். பண பேங்க்கும் இத்தாலிய வட்டிக்காரர்களின் பலகைதான். வேர் வரைக்கும் போனால் ‘பலகை மாற்றல்’ என்றுதான் வைக்க வேண்டும். விசைப்பலகையைக் கழற்றிவிடுவார்கள் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்கவில்லை.

ந. (யாழ்ப்பாணம்) எழுதியது:
இலங்கைப் பாடநூல்களில் சுவிட்சுக்கு ஆளி என்றே உண்டு. ‘நினைவக ஆளிடல்’ என்றால் என்ன?

அ. எழுதியது:
ஆளி சங்கப் பாடல்களில் யானையை அடிக்கும் விலங்கு. கோயில் தூண்களில் நிற்கும் யாளியும் அதுவே. அரிமாவா, வேறு விலங்கா என்பது தனி விவாதம். முதலாளி, தொழிலாளி என்பதில் வரும் ஆளி ‘ஆள்’ என்ற வினையடி. சுவிட்சுக்கு வைத்தவர்கள் எதை நினைத்தார்கள் என்று யாராவது சொன்னால் நல்லது.

கு. எழுதியது:
வெள்ளிக்கிழமை, ஐயா.

மு. எழுதியது:
குதிர். நெல் கொட்டி வைக்கும் குதிர் வீட்டில் நாலைந்து வரிசையாக நிற்கும், அளந்தெடுப்பது ஒன்றிலிருந்துதான். ‘குதிர் மாற்றல்’. பழமொழியும் இலவசம்: கமடோர் 64-இல் பேசிக் ராம் அடியில் ஒளிந்திருக்கும் 8 கிலோபைட் ரேமைப் படித்தால், மேலே இருக்கும் ரோம்தான் பதில் சொல்லும். எங்கப்பன் குதிருக்குள் இல்லை.

(திருத்தம்: ‘பேசிக் ரோம் அடியில்’. தட்டச்சுப் பிழை. ரோம் என்பது படிக்க மட்டுமே முடிகிற நினைவகம், பேசிக் மொழி அதில்தான் இருக்கிறது; ரேம் என்பது எழுதவும் முடிகிற நினைவகம்.)

செ. எழுதியது:
சிரித்துவிட்டேன், ஆனால் ஓட்டுப் போட மாட்டேன். குதிரைப் பார்த்த மாணவன் எத்தனை பேர்? படத்தோடு குதிரை விளக்கி, அப்புறம் நினைவகத்தை விளக்குவதற்கு ‘பேங்க் மாற்றல்’ என்றே எழுதிவிட்டுப் போகலாம். பைட், பிட் இரண்டையும் அப்படித்தானே வைத்திருக்கிறோம்?

மு. எழுதியது:
மவுஸைச் சுட்டி என்று சொன்னபோதும் இதே கேள்விதான் வந்தது.

ந. எழுதியது:
என் கவலை ‘பேங்க்’ அல்ல, ‘மாற்றல்’. உண்மையில் ஒரு பைட்டும் இடம் மாறுவதில்லை. எட்டுத் துண்டும் அததன் இடத்திலேயே இருக்கின்றன, செயலிக்குத் தெரிவது மட்டும்தான் மாறுகிறது. மாணவர் தடுக்கி விழும் இடமும் இதுதான். மாற்றுகிற கட்டளையை, மாறப்போகும் துண்டுக்குள்ளேயே எழுதிவிடுவார்கள். போர்ட்டில் எண் விழுந்த உடனே அடுத்த கட்டளை கண்ணிலிருந்து மறைந்துவிடும், செயலி புதிய துண்டில் அதே முகவரியில் கிடக்கும் ஏதோ ஒரு பைட்டைக் கட்டளையாக எடுத்து ஓடும். திரும்ப வேண்டிய முகவரிகளைச் செயலி குறித்து வைக்கும் ஸ்டாக்கையும் அங்கே வைத்திருந்தால் திரும்பி வரும் வழியும் போச்சு. ஆகவே ‘காட்டல்’, ‘திறத்தல்’ போன்ற வினை வேண்டும். ‘துண்டு திறப்பு’?

அ. எழுதியது:
துண்டு தோளில் போடுவது. ‘கூறு’ என்க.

செ. எழுதியது:
கூறு என்றால் சொல் என்றும் பொருள், ஐயா. ‘கூறு திற’ என்றால் மாணவன் வாயைத் திறப்பான்.

கு. எழுதியது:
அனைவருக்கும் நன்றி. மணி பதினொன்று, அச்சகத்துக்குக் காலையில் கோப்பு அனுப்ப வேண்டும். ‘நினைவகக் கூறு மாற்றல்’ என்று போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் பேங்க் ஸ்விட்சிங் என்று தமிழ் எழுத்தில் வரும். மூன்று பேர் சரி என்றார்கள், இருவர் பதில் போடவில்லை.

மு. எழுதியது:
குதிரை அடிக்குறிப்பிலாவது போடுங்கள்.

ந. எழுதியது:
எதிர்ப்பு என்று என் பெயரை எழுதி வைக்கவும். ‘மாற்றல்’ இருக்கும் வரை அந்தக் கட்டளையைத் தவறான இடத்தில்தான் எழுதுவார்கள். 49152க்குக் கீழே வைக்கச் சொல்லி ஒரு பெட்டிச் செய்தியாவது கொடுங்கள், குறுக்கீட்டு நிரலையும் (ஓடும் வேலையை இடையில் நிறுத்திவிட்டுச் செயலி ஓட்டும் நிரல்) சேர்த்து.

அ. எழுதியது:
குறுக்கீடா, இடைமறிப்பா?